மறுக்க முடிகிற அழைப்பும் மறுக்க முடியாத அழைப்பும்: அமெரிக்க இறைமறுப்பாளர்களின் மனக்குறை எங்கே தொடங்குகிறது?

அமெரிக்கச் சபைகள் பலவற்றில் இறைமறுப்பாளர்களைப் பற்றி ஒரே மாதிரியான சித்திரம் நிலவுகிறது. வேதாகமத்தைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள், இயேசுவின் பெயர் பொது இடத்தில் ஒலித்தாலே வழக்குப் போடுபவர்கள் என்பது அந்தச் சித்திரம். உரத்துப் பேசும் நாத்திகர்கள் சிலரை மட்டும் வைத்துப் பார்த்தால் அது உண்மை போலவும் தோன்றும். ஆனால் மதம் சாராதவர்களிடமே கேட்டு பியூ ஆய்வு மையம் 2024 ஜனவரியில் வெளியிட்ட முடிவுகள் வேறு கதையைச் சொல்கின்றன. அமெரிக்க வயதுவந்தோரில் 28 விழுக்காட்டினர் எந்த மதத்தையும் சாராதவர்கள். அவர்களிலும் தம்மை நாத்திகர் என்று சொல்லிக்கொள்பவர்கள் 17 விழுக்காடும், கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர்கள் 20 விழுக்காடும்தான். எஞ்சிய பெரும்பான்மையினர் தமக்குக் குறிப்பாக எந்த மதமும் இல்லை என்று மட்டும் சொல்பவர்கள். மதம் சமூகத்துக்கு நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்கிறது என்று இந்த 28 விழுக்காட்டினரில் 43 விழுக்காட்டினர் கருதுகிறார்கள். நன்மையும் தீமையும் ஏறத்தாழச் சமம் என்பவர்கள் 41 விழுக்காடு. நன்மையே அதிகம் என்பவர்கள் 14 விழுக்காடு. மக்களின் வாழ்வுக்கு ஒரு பொருளையும் நோக்கத்தையும் கொடுத்து மதம் சமூகத்துக்கு உதவுகிறது என்பதைப் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆக, இவர்களிடம் இருப்பது பொதுவான வெறுப்பு அல்ல. குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் கடுமையாகவும் மற்ற இடங்களில் மென்மையாகவும் வெளிப்படுகிற மனக்குறை அது.

அந்த இடங்கள் எவை என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. நற்செய்தியைக் கேட்பவர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எந்த இழப்பும் இல்லாமல் தன் வேலையைப் பார்க்கப் போக முடிகிற இடத்தில் இறைமறுப்பாளர் பெரும்பாலும் அமைதியாக இருக்கிறார். அப்படிச் சொன்னால் மதிப்பெண்ணோ வேலையோ உறவோ குடிமகன் என்ற சம மதிப்போ ஆட்டம் காணும் என்ற நிலை வரும் இடத்தில்தான் அவர் கொதிக்கிறார். சொல்லப்படும் செய்தி இரண்டு இடங்களிலும் ஒன்றுதான் என்பதால், கிறிஸ்தவர்கள் பலருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

முதலில் மென்மையான இடத்தைப் பார்க்கலாம். பென் ஜில்லெட் அமெரிக்காவின் புகழ்பெற்ற மேஜிக் கலைஞர். தன்னை நாத்திகர் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்பவர். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் தன்னிடம் வந்த ஒரு மனிதரைப் பற்றி அவர் பேசிப் பதிவிட்ட காணொளி ஒன்று 15 ஆண்டுகளுக்கும் மேலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வந்தவர் நிகழ்ச்சியை மனதாரப் பாராட்டியிருக்கிறார்; பிறகு கையடக்கப் புதிய ஏற்பாடு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அவர் கண்ணைப் பார்த்துப் பேசியதையும், கனிவாகவும் நிதானமாகவும் நடந்துகொண்டதையும் ஜில்லெட் நெகிழ்ந்து விவரிக்கிறார். நித்திய வாழ்வு உண்டு என்று ஒருவர் உண்மையாகவே நம்பிக்கொண்டு, அதை அடுத்தவரிடம் சொல்லாமல் இருக்கிறார் என்றால் அந்த அடுத்தவர் மீது அவருக்கு எவ்வளவு வெறுப்பு இருக்க வேண்டும் என்று கேட்கிறார். கடவுள் இல்லை என்ற தன் முடிவில் எந்த மாற்றமும் இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்கிறார். எல்லா மக்களையும் சீடராக்குங்கள் என்று மத்தேயு நற்செய்தியின் இறுதியில் சீடர்களுக்கு இடப்படும் கட்டளையைக் கிறிஸ்தவர்கள் விட்டுக்கொடுக்க முடியாது என்பதைப் புரிந்துகொள்ளும் இறைமறுப்பாளர்கள் இவரைப் போலப் பலர் இருக்கிறார்கள். கதவைத் தட்டுபவரிடம் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு அவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

இதே தனிமனிதச் சாட்சியம் கசந்துபோகும் இடமும் உண்டு. அமெரிக்க உணவகப் பணியாளர்கள் அடிக்கடி புலம்பும் ஒரு வழக்கம் இது: சாப்பிட்டு எழுந்தவர்கள் மேசையில் மடித்த 20 டாலர் தாள் ஒன்றை விட்டுச் செல்கிறார்கள், எடுத்துப் பிரித்தால், அது ஒரு பக்கம் மட்டும் டாலர் தாளைப் போல அச்சடிக்கப்பட்ட சுவிசேஷக் கைப்பிரதி. பணத்தைவிட மேலான ஒன்று உனக்குக் காத்திருக்கிறது என்பது போன்ற வாசகம் உள்ளே இருக்கும். அன்பளிப்பு (டிப்ஸ்) பெறும் பணியாளர்களுக்கு மத்திய சட்டம் நிர்ணயித்துள்ள குறைந்தபட்ச ரொக்கக் கூலி மணிக்கு 2.13 டாலர்; 1991 முதல் அது மாறவில்லை. பல மாநிலங்களில் இன்றும் அதுதான் நடைமுறை என்பதால், மேசையில் விடப்படும் தொகைதான் அவர்களுக்கு உண்மையான சம்பளம். வீட்டு வாடகையைக் கணக்குப் போட்டுக்கொண்டே தட்டுகளை அடுக்கும் ஒருவர் அந்தப் போலித் தாளைப் பிரிக்கும்போது என்ன உணர்வார் என்பதை, அதை வைத்துச் சென்றவர் ஒரு கணம் யோசித்திருந்தால் வைத்திருக்க மாட்டார். இங்கே காயப்படுத்துவது கோட்பாடு அல்ல. எதிரில் நிற்பவரின் பசியும் உழைப்பும் கண்ணில் படாமல், ஆத்தும ஆதாயக் கணக்கில், அதாவது மனம் மாற்றியவர்களின் எண்ணிக்கையில், சேர்க்க வேண்டிய ஒரு எண்ணாக மட்டும் அவர் தெரிவதுதான் காயப்படுத்துகிறது.

கிறிஸ்தவர்களே நடத்தும் பார்னா ஆய்வு நிறுவனம் இதைப் பல ஆண்டுகளாக எண்களால் காட்டி வருகிறது. 2007இல் வெளியான அதன் ஆய்வில், கிறிஸ்தவர் அல்லாத இளைஞர்களில் 87 விழுக்காட்டினர் இன்றைய கிறிஸ்தவத்தைப் பிறரைத் தீர்ப்பிடும் மதம் என்றார்கள். 85 விழுக்காட்டினர் அதில் பாசாங்கு இருப்பதாகச் சொன்னார்கள். 2019இல் அதே நிறுவனம், யாருடன் விசுவாசத்தைப் பற்றிப் பேச விரும்புவீர்கள் என்று கிறிஸ்தவர் அல்லாதவர்களிடமும் சபையை விட்டு விலகியவர்களிடமும் கேட்டபோது, தீர்ப்பிடாமல் காதுகொடுத்துக் கேட்பவருடன் என்று பத்தில் ஆறு பேர் பதில் சொன்னார்கள். தமக்கு நேரில் தெரிந்த கிறிஸ்தவர்களிடம் அந்தக் குணம் இருப்பதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மட்டுமே. இந்த இடைவெளியை அளந்து வெளியிட்டவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் இதை வெளியாரின் பகைமை என்று ஒதுக்கிவிட முடியாது. பகைமை என்று பேசுவதானாலும் அது ஒருவழிப் பாதை அல்ல. 2014இல் பியூ மையம் பல மதத்தாரிடம், மற்றவர்களை பூஜ்யம் முதல் 100 வரையிலான அளவுகோலில் எவ்வளவு இணக்கமாக உணர்கிறீர்கள் என்று கேட்டது. வெள்ளையின இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் (மனமாற்றத்தையும் நற்செய்தி அறிவிப்பையும் வலியுறுத்தும் புராட்டஸ்டண்ட் பிரிவினர்) நாத்திகர்களுக்குச் சராசரியாக 25 கொடுத்தார்கள். நாத்திகர்கள் இவாஞ்சலிக்கல்களுக்கு 28 கொடுத்தார்கள்.

வீட்டுக்குள் நடக்கும் பிரசாரம் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. அமெரிக்க இறைமறுப்பாளர்களில் பெரும் பகுதியினர் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்து வளர்ந்து பிறகு விலகியவர்கள். தெருவில் போதிப்பவரைக் கடந்து போய்விடலாம். நன்றித் திருநாள் விருந்தில் எதிரே அமர்ந்திருக்கும் தாயைக் கடந்து போக முடியாது. தன் பிள்ளை நரகத்துக்குப் போகும் என்று மனமார நம்பித் தூக்கம் இழக்கும் தாயின் துயரம் பொய்யல்ல. ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் "ஆலயத்துக்குப் போனாயா?" என்ற கேள்வியில் வந்து முடிவதால், அழைப்பை எடுக்கவே தயங்கும் மகனின் துயரமும் பொய்யல்ல. இந்த இருவரில் யாரையும் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விலகியவர்களிடம் சபையைப் பற்றி இருக்கும் கசப்பு, சபைக்குள் ஒருபோதும் இல்லாதவர்களின் கசப்பைவிட ஆழமாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். மதம் சாராததற்கான காரணங்களில் மத நிறுவனங்களின் மீதுள்ள அதிருப்தியைப் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களும், மதவாதிகளிடம் பட்ட கசப்பான அனுபவங்களைப் பத்தில் மூன்று பேரும் 2024 பியூ ஆய்வில் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இறைமறுப்பாளர்களின் மனக்குறை கோபமாகி நீதிமன்றம் வரை சென்றதன் வரலாறு பெரும்பாலும் பள்ளிக்கூடங்களில்தான் நடந்திருக்கிறது. அதற்குச் சரியான தொடக்கம் இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பெயின் நகரம். அங்கே 1940 முதல் அரசுப் பள்ளிகளுக்குள், பள்ளி நேரத்திலேயே, வாரம் ஒருமுறை மத வகுப்பு நடந்தது. ஆசிரியர்களைச் சபைகள் சேர்ந்து அமைத்த ஒரு குழு அனுப்பியது. பெற்றோர் கையெழுத்திட்ட பிள்ளைகள் மட்டுமே அந்த வகுப்பில் உட்காரலாம் என்பதால் கட்டாயம் எதுவும் இல்லை என்று பள்ளி நிர்வாகம் சொன்னது. கையெழுத்திடாத பெற்றோரின் பிள்ளைகள் வகுப்பறையை விட்டு வெளியே போக வேண்டும். வாஷ்டி மெக்காலம் என்ற தாயின் மகன் ஜேம்ஸ், தன் வகுப்பில் அப்படி வெளியே அனுப்பப்பட்ட ஒரே மாணவன். அவனை நடைவழியில் ஒரு மேசை போட்டுத் தனியாக உட்கார வைத்தார்கள். தண்டனை பெறும் பிள்ளைகளை உட்கார வைக்கும் இடமும் அதுவே என்பதால், போகிற வருகிற பிள்ளைகள் அவனைக் கேலி செய்தார்கள்.

தாய் வழக்குத் தொடுத்தார். மாவட்ட அளவிலும் மாநில உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். அதற்குள் வீட்டின் மீது தக்காளி எறியப்பட்டது; வசைக் கடிதங்கள் குவிந்தன; அடிபட்டு வந்த மகனை வேறு ஊரில் இருந்த தாத்தா பாட்டியிடம் அனுப்ப வேண்டியதாயிற்று. 1948 மார்ச் 8ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டர் தன் தனிக் கருத்தில் எழுதியது இந்தக் கட்டுரையின் மையத்தைத் தொடுகிறது: ஒன்றைப் பார்த்து ஒன்று செய்வதே பிள்ளைகளின் இயல்பு, கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் துணிவை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது, எனவே சட்டப்படி கட்டாயம் இல்லாவிட்டாலும் அங்கே நெருக்குதல் இருக்கவே செய்கிறது என்பது அவர் வாதம். அந்த நடைவழி மேசையை நினைத்துப் பார்க்கும் எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அதன் பிறகு வந்த தீர்ப்புகள் நன்கு அறியப்பட்டவை. நியூயார்க் மாநில அதிகாரிகளே எழுதிக்கொடுத்த 22 சொல் பிரார்த்தனை 1962இலும், பள்ளிகளில் நாள்தோறும் நடந்த வேதாகம வாசிப்பு 1963இலும் அரசமைப்புக்கு முரணானவை என்று அறிவிக்கப்பட்டன. தீர்ப்புகள் மாறின, அக்கம்பக்கம் மாறவில்லை. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கிரான்ஸ்டன் நகரில், "எங்கள் பரலோகப் பிதாவே" என்று தொடங்கும் பிரார்த்தனை வாசகம் ஒன்று 1960களிலிருந்து ஓர் அரசுப் பள்ளியின் அரங்கச் சுவரில் இருந்தது. அதை அகற்றக் கோரிய ஜெசிகா ஆல்க்விஸ்ட் என்ற நாத்திக மாணவிக்கு 2012 ஜனவரியில் சாதகமான தீர்ப்பு வந்தபோது அவருக்கு வயது 16. மிரட்டல்கள் காரணமாகக் காவல் துறைப் பாதுகாப்போடு அவர் பள்ளிக்குப் போக நேர்ந்தது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வானொலியில் அவரைத் தீய சிறுபிறவி என்ற பொருளில் ஏசினார். ஆதரவாளர்கள் அனுப்பச் சொன்ன பூங்கொத்தை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க உள்ளூர்ப் பூக்கடைகள் மறுத்தன. கிறிஸ்தவச் செல்வாக்கைப் பற்றி ஓர் இறைமறுப்பாளர் பேசும்போது அவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் மறையியல் விவாதம் அல்ல. இப்படி ஒரு ஊரே திரும்பி நின்ற அனுபவம்.

2022இல் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டன் நகரப் பள்ளி ஒன்றில் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த ஜோசப் கென்னடி, ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவே மண்டியிட்டு ஜெபிப்பது வழக்கம். காலப்போக்கில் மாணவர்களும் சுற்றிலும் சேர்ந்துகொண்டார்கள். அது அவரது தனிப்பட்ட மதச் சுதந்திரம் என்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது. கிறிஸ்தவர்கள் இதை அடக்குமுறைக்கு எதிரான வெற்றியாகக் கொண்டாடினார்கள். இறைமறுப்பாளர்கள் அதே வழக்கின் ஆவணங்களிலிருந்து வேறொன்றைச் சுட்டிக்காட்டினார்கள்: நாத்திகனான ஒரு மாணவன் அந்த ஜெபத்தில் கலந்துகொண்டான்; கலந்துகொள்ளாவிட்டால் ஆட்டத்தில் தனக்குக் கிடைக்கும் வாய்ப்பு குறையும் என்று அவன் அஞ்சியதாக அவன் தந்தை பள்ளி நிர்வாகத்திடம் முறையிட்டிருந்தார். பயிற்சியாளர் அப்படி யாரையும் ஒதுக்கினார் என்று சொல்ல முடியாது. ஆயினும் யார் ஆட வேண்டும் என்று முடிவு செய்பவர் மண்டியிடும்போது, சுற்றி நிற்கும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அது வெறும் தனிமனித பக்தியாகத் தெரியாது என்பதை மறுப்பது கடினம்.

அரசியல் செல்வாக்கைப் பற்றிய மனக்குறைக்கு வயது சற்றுக் குறைவு. பனிப்போர்க் காலத்தில், கடவுளற்ற கம்யூனிசத்துக்கு மாற்றாகத் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பிய அமெரிக்கா, 1954இல் கொடி வணக்க உறுதிமொழியில் "கடவுளின் கீழ்" என்ற சொற்களைச் சேர்த்தது. 1956இல் "கடவுளை நம்புகிறோம்" என்பதை நாட்டின் முழக்கமாக்கியது. நம்பிக்கை இல்லாதவர் முழுக் குடிமகன் அல்லர் என்ற எண்ணம் அப்போது எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு: தகுதியுள்ள ஒரு நாத்திகரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுப்பீர்களா என்று 1958இல் காலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது, ஆம் என்றவர்கள் 18 விழுக்காடு மட்டுமே. இன்று அது 60 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. 1979இல் ஜெர்ரி ஃபால்வெல் தொடங்கிய மாரல் மெஜாரிட்டி அமைப்பும் அதன் வழித்தோன்றல்களும் கருக்கலைப்பு, ஒருபாலீர்ப்பு, பள்ளிப் பிரார்த்தனை ஆகியவற்றை முன்வைத்து இவாஞ்சலிக்கல் வாக்குகளைக் குடியரசுக் கட்சியின் பக்கம் திரட்டின. இதன் விளைவு அவர்கள் எதிர்பாராதது. 1990களில் மதம் சாராத அமெரிக்கர்களின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாக இரட்டித்ததை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் மைக்கேல் ஹவுட், கிளாட் ஃபிஷர் இருவரும் 2002இல் முன்வைத்த விளக்கம் இன்றுவரை பேசப்படுகிறது. மதம் என்றாலே பழமைவாத அரசியல் என்று ஆகிவிட்டதால், அந்த அரசியலை ஏற்காத மிதவாதிகள் பலர் தம்மை எந்த மதத்தவர் என்றும் சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள் என்பதே அது. அவர்களில் பெரும்பாலோர் கடவுள் நம்பிக்கையை இழக்கவில்லை என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. பிரசாரத்துக்கு அரசியல் பலம் தேடியதால் பிரசாரத்தைக் கேட்பவர்கள் குறைந்தார்கள் என்பது கிறிஸ்தவர்கள்தான் முதலில் கவலைப்பட வேண்டிய செய்தி.

கிறிஸ்தவத் தரப்பில் இதற்கு ஒரு பதில் உண்டு; அதுவே வலுவான பதில். எந்தச் சட்டமும் யாரோ ஒருவரின் அறநெறியைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. இறைமறுப்பாளரின் அறநெறிக்கு மட்டும் சட்டமன்றத்தில் இடம் உண்டு, விசுவாசியின் அறநெறிக்கு இல்லை என்று சொல்வது என்ன நியாயம் என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி சரியானது. மார்ட்டின் லூதர் கிங் ஒரு போதகர். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் ஆலயங்களில் கூடி, பாடி, ஜெபித்து வளர்ந்தது. இன்று எந்த இறைமறுப்பாளரும் அந்தச் செல்வாக்கைக் குறை சொல்வதில்லை. 1963ஆம் ஆண்டு வாஷிங்டன் பேரணியை முன்னின்று நடத்திய தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப், பின்னாளில், கடவுளைச் சாராத அறநெறியை முன்வைத்த மனிதநேயர்களின் இரண்டாம் அறிக்கையில் கையெழுத்திட்டவர். கிங்கோடு ஒரே மேடையில் நிற்பதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இருக்கவில்லை. கிங் வேதாகமத்தைத் துணைக்கு அழைத்து முன்வைத்த கோரிக்கையை, வேதாகமத்தை நம்பாதவரும் தன் காரணங்களால் ஏற்க முடிந்தது. அந்தக் கோரிக்கை யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை. 2022 ஜூன் மாதம் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் நீக்கியபோது இறைமறுப்பாளர்களிடம் எழுந்த சினம் வேறு வகையானது. தாங்கள் ஏற்காத ஒரு மறைக்கோட்பாடு தங்கள் உடலின் மீது சட்டமாகிவிட்டது என்று அவர்கள் உணர்ந்தார்கள். கருவின் உயிரைப் பற்றிய வாதம் மதத்தை மட்டும் சார்ந்ததல்ல என்று கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் பொருள் இருப்பதால், இந்த விவாதம் எளிதில் ஓயப்போவதில்லை. இறைமறுப்பாளர்கள் எல்லா இடத்திலும் நியாயத்தின் பக்கம் நிற்கிறார்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். மேரிலாந்தின் பிளேடன்ஸ்பர்கில் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக எழுப்பப்பட்ட பழைய சிலுவைச் சின்னத்தை அகற்றக் கோரி 2019இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று தோற்றது, நடைவழியில் உட்கார்ந்த ஒரு சிறுவனுக்காகப் போராடியதற்கு ஈடாகாது.

இந்த வரலாற்றின் ஒரு கிளை தமிழ்நாட்டுக்கும் நீள்கிறது. போதகரின் மகனாகப் பிறந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்களின் அரங்குகளை நிரப்பிப் பேசிய இங்கர்சாலின் கருத்துகளைச் சுயமரியாதை இயக்கம் தமிழில் பரப்பியது. கிறிஸ்தவத்துக்கு எதிராக அவர் அடுக்கிய வாதங்கள் இங்கே வாசிக்கப்பட்டன. ஆனால் அவை இங்கே விழுந்த நிலம் வேறு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 6 விழுக்காடு. சாதி இழிவிலிருந்து வெளியேற மதம் மாறுவதும் ஒரு வழி என்று பெரியாரே பேசியிருக்கிறார். 2002இல் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது, கடவுளையே மறுக்கும் திராவிடர் கழகம் அதை எதிர்த்தது. எந்தக் கடவுளையும் ஏற்காதவர்கள், பிறர் தமக்குப் பிடித்த கடவுளைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காகப் பேசினார்கள். பைபிளைப் பற்றிய அவர்கள் கருத்து இங்கர்சாலின் கருத்திலிருந்து அதிகம் விலகியதல்ல. அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் இரண்டு நாடுகளுக்கும் இடையிலான வேறுபாடு, அவர்கள் நிலைப்பாட்டைத் தீர்மானித்ததும் அதுவே.

அமெரிக்காவில் அந்தக் கேள்வி இப்போது மீண்டும் வகுப்பறைக்கே திரும்பியிருக்கிறது. 2024 ஜூனில் லூசியானாவும், 2025 ஜூனில் டெக்சஸும், அரசுப் பள்ளிகளின் ஒவ்வொரு வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்று சட்டம் இயற்றின. டெக்சஸ் சட்டத்தின்படி அந்தத் தாள் குறைந்தது 16 அங்குல அகலமும் 20 அங்குல உயரமும் இருக்க வேண்டும். வகுப்பறையின் எந்த மூலையில் இருந்து பார்த்தாலும் படிக்க முடிய வேண்டும். நாட்டின் சட்ட மரபுக்கு அடித்தளமான வரலாற்று ஆவணம் என்பதால்தான் மாட்டுகிறோம் என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களில் மதம் சாராத பெற்றோரோடு யூத, இந்துப் பெற்றோரும் கிறிஸ்தவப் போதகர்களும் இருக்கிறார்கள். என்னைத் தவிர வேறு கடவுள் உனக்கு இருக்கக் கூடாது என்ற கட்டளையைத் தெருவில் யாரும் உரக்கப் படிக்கட்டும், அதில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்கிறார்கள் இவர்கள். பள்ளிக்கு வருவதைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும்போது, அந்தச் சுவரைப் பார்க்காமல் இருக்க ஒரு பிள்ளைக்கு எந்த வழியும் இல்லை என்பதே அவர்கள் வழக்கின் சாரம்.